தோட்டத்தில் ஆப்பரேசன் என்றால் ஒன்றுதான்

என்னைப் பெண் பார்க்க வந்த மூன்றாவது குடும்பம் பூண்டுலோயாவிலிருந்து வந்தது. மாப்பிள்ளைக்குத் தபால் கந்தோரில் வேலை. அவருடைய அம்மா வடையை இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றார். பிறகு என்னை எழுந்து நிற்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், பக்கவாட்டில் ஒருமுறை நன்றாகப் பார்த்தார். போகும்போது என் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார்.

"பொண்ணு படிச்சிருக்கு, அரசாங்க உத்தியோகம், எல்லாஞ் சரி. முன்னாலதான் ஒண்ணையுங் காணோம். கொஞ்சஞ் சதை போடட்டுங்க, ஆறு மாசங் கழிச்சு வாரோம்."

கவாத்து வெட்டிய தேயிலைக்கும் இப்படித்தான் தவணை கொடுப்பார்கள், மறுபடி கொழுந்து வரட்டும் என்று. தேயிலைக்காவது உரம் போடுவார்கள். எனக்கு அத்தை உளுந்தங்களி போட்டாள். இரண்டு மாதம் காலையில் களி, மாலையில் முட்டை. அத்தனையும் நேராக வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. மேலே ஒரு அவுன்ஸ்கூட ஏறவில்லை.

அது இரண்டாயிரத்துக்குப் பிந்திய காலம். எனக்கு வயது இருபத்தொன்பது. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா இல்லை. தம்பி கொழும்பில் ஒரு கடையில் நின்றான். அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கையான அத்தைதான் என்னைக் கரையேற்றும் பொறுப்பை எடுத்திருந்தாள். நான் எந்த ஆற்றில் கிடந்தேன் என்று யாரும் சொல்லவில்லை.

ஆப்பரேசன் செய்து மார்பைப் பெரிதாக்கும் யோசனை மாப்பிள்ளைக்காகத்தான் வந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. சட்டைக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கரும்பலகையில் எட்டி எழுதினால் ஒரு பக்கம் மேலே போய்விடும். எனக்கே வெட்கமாக இருந்தது. எனக்கே ஆசையாகவும் இருந்தது.

ஞாயிற்றுப் பத்திரிகையில் அதைச் செய்கிற ஒரு கொழும்பு ஆஸ்பத்திரியின் விளம்பரத்தைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒருவரிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்து டீச்சர், விஞ்ஞானம் படிப்பிப்பவர். பாடப்புத்தகத்தில் உடம்பைப் பற்றிய அத்தியாயம் வந்தால், "இதை வீட்டில வாசியுங்கோ" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிற வீராங்கனை.

"உமக்கென்ன விசரே? கடவுள் தந்ததைக் காணாதெண்டு சொல்லுறதே?" என்றார். பிள்ளைகளின் கொப்பி இரண்டைத் திருத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு எண்டு கேட்டுப் பாரும். கேக்கிறதுக்குக் காசே?" என்றார்.

கேட்பதற்கும் காசுதான். ஹட்டன் டவுனில், காசு கொடுத்து டெலிபோன் பேசுகிற ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசவேண்டும். ஊரே கேட்கும், ஆனால் எதிர்முனைக்கு மட்டும் கேட்காது. விளம்பரத்தில் இருந்த கொழும்பு ஆஸ்பத்திரிக்கு எடுத்து, ஒரு ஆப்பரேசன் பற்றி விசாரிக்கவேண்டும் என்றேன். அங்கே போனை எடுத்த பெண் சிங்களத்தில், "எந்த இடம்?" என்று கேட்டாள்.

"ஹட்டன்" என்றேன்.

"உடம்பில எந்த இடம்?"

கூண்டுக்கு வெளியே ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். அதில் ஒருவர் என் வகுப்புப் பிள்ளையின் அப்பா. "மேல் பக்கம்" என்றேன். அவள் கண் வைத்தியரின் பகுதிக்குத் தொடுத்துவிட்டாள். கண் வைத்தியரின் தாதி மிகவும் அன்பானவள். இரண்டுமா, ஒன்று மட்டுமா என்று கேட்டாள். இரண்டும் என்றேன். எத்தனை நாளாக மங்கலாக இருக்கிறது என்று அவள் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

கடைசியில் நேரிலேயே போய்ப் பார்ப்பது என்று முடிவானது. யாழ்ப்பாணத்து டீச்சரும் குடையோடு வந்தார். முதலில் கண்டி. ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் அந்தக் கிளினிக். சுவர் முழுக்க வெள்ளைக்காரிகளின் படம். கோட் போட்ட ஒருவர் சொன்ன விலையைக் கேட்டு எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. என் சீட்டுப் பணத்திலேயே முடித்து, மிச்சத்தில் ஒரு சேலையும் எடுக்கலாம். படியிறங்கப் போகிற நேரத்தில் டீச்சர் மட்டும் திரும்பி நின்று, "அது ரெண்டுக்கும் சேத்துத்தானே?" என்று கேட்டார்.

"ஒரு பக்கத்துக்கு" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். மயக்க மருந்து வேறு, கட்டில் வேறு, பிறகு போடுகிற விசேஷ உள்ளாடை வேறு. ஒரு பக்கத்தை மட்டும் செய்துகொண்டு மற்றதற்குச் சம்பள உயர்வு வரும்வரை காத்திருக்கிறவர்களும் உண்டா என்று கேட்க நினைத்தேன். உண்டு என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

அடுத்தது சென்னை. கொழும்பில் ஒரு டிரவல்ஸ்காரர் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தார். விமான டிக்கட், ஆப்பரேசன், பழனி தரிசனம், புடவைக் கடை. பழனிக்கு ஆப்பரேசனுக்கு முன்பா பின்பா என்று கேட்டேன். பின்பு என்றார். தையல் பிரிக்காத நெஞ்சோடு பழனிப் படியேறினால் முருகனே இறங்கி வந்து திட்டுவார் என்று அதையும் விட்டோம்.

மூன்றாவதுதான் அந்தக் கொழும்பு ஆஸ்பத்திரி. டாக்டர் சிங்களவர், நிதானமானவர். ஜெல் அடைத்த ஒரு பையை என் கையில் வைத்து அமுக்கிப் பார்க்கச் சொன்னார். அவித்த முட்டை மாதிரி வழுக்கியது. இது ஆயுளுக்கும் இருக்காது, பல வருடங்கள் கழித்து மாற்றவேண்டி வரலாம் என்றார். உணர்ச்சி குறையலாம், பிள்ளைக்குப் பால் கொடுப்பதில் சிக்கலும் வரலாம் என்றார். விலையையும் சொன்னார். இரண்டுக்கும் சேர்த்துத்தான், ஆனால் என் ஒரு வருடச் சம்பளம். மூவரில் இவர் ஒருவர்தான் என்னைப் பயமுறுத்தினார், அதனாலேயே இவரை நம்பினேன். முன்பணம் கட்டி நாளும் குறித்தாயிற்று.

இனி லீவு எடுக்கவேண்டும். பள்ளிக்கூட அதிபர் காரணம் கேட்டார். அங்கேதான் சறுக்கினேன். "சின்ன ஆப்பரேசன் ஒண்ணு சார்" என்றேன்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கு அது தெரிந்திருக்கவேண்டும். எங்கள் பக்கம் குடல்வாலை எடுத்தால் அது குடல்வால், கண்ணை வெட்டினால் அது கண். வெறுமனே ஆப்பரேசன் என்றால் ஒன்றுதான், பிள்ளை பெறாமல் செய்வது. பெண்கள் செய்துகொள்வார்கள், அதற்குக் காசும் கொடுத்தார்கள். கல்யாணமாகாத டீச்சருக்கு ஆப்பரேசன் என்றால் என்ன அர்த்தம்? அதைத் தோட்டம் பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்துவிட்டது. எனக்கு ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள், அவற்றை எங்கே ஒளித்து வளர்க்கிறேன் என்பதில் மட்டும்தான் மலைக்கு மலை கருத்து வேறுபாடு.

பூண்டுலோயாவுக்கும் செய்தி போயிற்று. என் முன்பக்கத்துக்கு ஆறு மாதம் தவணை தந்த அம்மா, என் உள்பக்கத்துக்கு ஒரு நாள்கூடத் தரவில்லை. சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார். அத்தை எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு, இனி இந்தப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஆப்பரேசனைக் கைவிடவில்லை. மாப்பிள்ளை போனால் போகட்டும், இது எனக்காக என்று வீம்பு பிடித்தேன்.

அம்மா மட்டும் இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமலே என் முன்னால் உட்கார்ந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"ஏண்டி, ஒரு புள்ளகூடப் பெறாம ஏண்டி அதச் செய்யப் போற?"

உண்மையை உடைத்துச் சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், கொஞ்சம் கீழேயும் பார்த்தாள், பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்.

"அதுக்கு எவ்வளவு குடுக்குறாங்க?"

"அவங்க குடுக்க மாட்டாங்கம்மா. நாமதான் குடுக்கணும்."

"எனக்குக் குடுத்தாங்களே" என்றாள் அம்மா.

தம்பி பிறந்த கொஞ்ச நாளில் அது நடந்ததாம். அம்மாவுக்கு இருபத்துமூன்று வயது. தோட்டத்து லொறியில் மற்றப் பெண்களோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். "இன்னொரு புள்ள வேணும்னு ஆசையா இருந்துச்சு. அங்க போயி வேணாம்னு சொன்னேன். கைநாட்டு வச்சிட்டல்ல, பேசாம படுன்னாங்க. அந்தக் காசுலதான் ஒனக்குக் காது குத்துனோம்."

இதை அவள் அழாமல்தான் சொன்னாள். என் காதைத் தொட்டுப் பார்க்கக் கை போனது, பாதியில் இறக்கிக்கொண்டேன்.

"நானும் கூட வாரேன்" என்றாள். "எங்கூட அன்னைக்கு ஒருத்தரும் வரல."

குறித்த நாளில் இருவரும் கொழும்புக்குப் போனோம். அம்மா விசேஷத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். டாக்டர் எனக்கு முன்னால் தாளை வைத்து, கையெழுத்துக்கு முன் கடைசியாக ஒன்று கேட்டார். அம்மாவுக்கும் விளங்கட்டும் என்று இங்கிலீஷை விட்டுச் சிங்களத்தில் கேட்டார். முழு விருப்பத்தோடுதானா, வேண்டாம் என்றால் இப்போதும் சொல்லலாம்.

அம்மாவுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். ஆனாலும் என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"வேணாம்னு சொன்னா விட்டுருவாங்களாடி?"

"விட்டுருவாங்கம்மா."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா."

அம்மா அந்த அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "அப்ப நல்ல ஆஸ்பத்திரிதான்" என்றாள்.

கண்டியையும் சென்னையையும் கொழும்பையும் வைத்து நான் போட்ட கணக்கு எதிலும், வேண்டாம் என்றால் விடுவார்களா என்ற இந்தக் கேள்வி இல்லை. அம்மா இன்னும் டாக்டரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் சொன்னது பொய்யாக இருக்குமோ என்பது போல.

நான் வேண்டாம் என்றேன்.

டாக்டர் தலையாட்டிவிட்டுப் பேனாவை மூடினார். முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று கவுண்டரில் சொன்னார்கள். எங்களை விட்டுவிட்டார்கள்.