தேய்ந்த பற்றரியில் கேட்ட பாட்டு

அல்பிரட் அண்ணன் காலமான செய்தியை அவருடைய மனைவிதான் தொலைபேசியில் சொன்னார். தேநீர் குடித்து, அந்தப் பாட்டு நாடாவைப் போட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லையாம். எனக்கு அழுகையும் வந்தது, ஆறுதலாகவும் இருந்தது. ஏனென்று அவரைத் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கொக்கட்டிச்சோலையில் நாங்கள் இருவரும் ஒரே கந்தோரில் வேலை, பொழுதுபட்டால் நானும் அவர் வீட்டில்தான். அவரும் தங்கை றோசியும் குடியிருந்த வீட்டில் கரண்ட் இல்லை. சோதனைச்சாவடி தாண்டிப் பற்றரி வருவதும் லேசில்லை. நல்ல பற்றரி வானொலிச் செய்திக்கு. தேய்ந்ததை வெயிலில் காயவைத்துப் நாடாப் பெட்டியில் பாட்டுக்குப் போடுவோம். இருந்தது ஒரேயொரு நாடா. யாரோ ஒரு வெள்ளைக்காரன் கிற்றாரோடு தானே எழுதிப் பாடியது. குரல் கனத்து, இழுத்து இழுத்து வரும். எங்கள் அரைகுறை ஆங்கிலத்தை வைத்து, எல்லாவற்றையும் இழந்தவன் பாடுகிறான் என்று முடிவுகட்டிப் போட்டி போட்டுப் பெருமூச்சு விடுவோம்.

றோசி மட்டும் சட்டி மூடியில் தாளம் தட்டுவாள். "இவர் அழல்ல அண்ணன், சந்தோசமாத்தான் பாடுறார்" என்பாள். உனக்குப் பாட்டு விளங்காது, போய் மீனைப் பார் என்று அண்ணன் விரட்டுவார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நத்தார்ப் பெருநாளுக்குக் கடலோரத்துப் பெரியம்மா வீட்டுக்குப் போன றோசியைச் சுனாமி கொண்டுபோனது. நாடா உடுப்புப் பெட்டிக்கு அடியில் போனது. "கடைசிவரைக்கும் அவளுக்கு ஒப்பாரியத்தானே கேக்க வச்சன்" என்று அண்ணன் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

யுத்தம் முடிந்து அந்தப் பக்கம் கரண்ட் வந்தது. அண்ணன் கலியாணமும் முடித்திருந்தார். நான் கரண்டில் ஓடும் என் வீட்டு நாடாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வயல் வட்டையில் நெல்லுப் பார்க்கப் போயிருந்த நேரம், அண்ணி நாடாவை எடுத்துத் தந்தார். ஏசுவார் என்ற பயத்தோடுதான் போட்டேன். கிற்றார் துள்ளியது. இளந்தாரிக் குரல், ஓட்டமும் சிரிப்புமாக. வேறு நாடாவோ என்று எடுத்துப் பார்த்தேன். மேலே அண்ணனின் கையெழுத்து. இத்தனை வருசம் நாங்கள் கேட்டது, நாடாவை மெல்லச் சுற்றவைத்த பற்றரியின் களைப்பை.

வாசலில் சேற்றுக் காலோடு வந்து நின்ற அண்ணன் அப்படியே குந்திவிட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அவள் சரியாத்தான் கேட்டிருக்காள். நான்தான் பிழையாக் கேட்டிருக்கன்" என்றார்.

அதன்பிறகு அந்த வீட்டில் அந்தப் பாட்டு ஓயவில்லை. முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டு, றோசியின் குறும்புகளை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார்.

நாடா அண்ணியிடமே இருக்கட்டும். "நான்தான் பிழையாக் கேட்டிருக்கன்" என்று அண்ணன் சொன்ன குரல் என்னிடம் இருக்கிறது, சரியான வேகத்தில்.