கூந்தல் வெட்டத் தடை

உயர்தர வகுப்பில் வரலாறு எடுத்த பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான், நானும் என் மாமியின் மகளும். அவளை மச்சி என்றுதான் கூப்பிடுவேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. கல்முனையிலிருந்து பின்னேரங்களில் பஸ் ஏறி வெளியூருக்கு ரியூசனுக்குப் போவோம். வழியில் தமிழ் ஊர் ஒன்றைக் கடக்க வேண்டும்.

எனக்குப் பரீட்சைக்கு வேண்டியது போதும். மச்சிக்கோ சீனாவும் ஜப்பானும் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி. ஜப்பான் நவீனமானபோது ஆண்கள் குடுமியை வெட்டச் சொன்ன அரசாங்கம், பெண்கள் கூந்தலை வெட்டுவதைத் தடை செய்தது. அதைப் படித்த அன்று பஸ்ஸிலும் அவள் புத்தகத்தை மூடவில்லை. இறங்கும்போதுதான் சொன்னாள்:

"ஆம்புள மாறினா முன்னேற்றம். பொம்புள மாறினா நாடு கெட்டுப்போயிருமாம். பாத்தியா புள்ள?"

அந்த வருடம் தமிழருக்கும் முஸ்லிம்களான எங்களுக்கும் இடையில் கலவரம் வந்தது. கடைகள் எரிந்தன. ஊரடங்கு தளர்ந்ததும் ஆண்கள் பள்ளிவாசலில் கூடி, கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். ஆண்பிள்ளைகள் வேறு பாதையால் போய்ப் படிக்கலாம்.

கூட்டத்தில் உரத்துப் பேசியவர்களில் மச்சி காக்கா என்று கூப்பிடும் அவளது அண்ணனும் ஒருவர். சவூதியிலிருந்து வந்திருந்தார். நீளக் காற்சட்டையும் ஜப்பான் ரேடியோவுமாகத் திரிந்தார். மச்சி அவரிடம் கெஞ்சப் போனபோது நானும் கூட இருந்தேன்.

"ஜப்பான்காரனப் பாரு. ஒத்துமையாலதான் எழும்பினான். நம்மட சமூகமும் அப்படி எழும்பணும்," என்றார்.

"அவன் எழும்புறத்துக்கு நூல் ஆலையில நெஞ்சு நோய் வந்து மௌத்தானது பொட்டப்புள்ளைகள் காக்கா."

அவர் கோபப்படவில்லை. ரேடியோவை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "உனக்கு ஒண்டு நடந்தா நான் ஊருக்குள்ள தல நிமிந்து நடக்கேலுமா?"

"அப்ப கவல எனக்கில்ல, உங்கட தலைக்கு."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் அவள்மேல் உயிரையே வைத்திருந்தார். அதனால்தான் அவளால் அதற்குமேல் சண்டை போட முடியவில்லை.

என் வாப்பா என்னைக் கண்டியில் சாச்சா வீட்டில் விட்டுப் படிப்பித்தார். மச்சிக்கு அந்த வழியும் இல்லை. சில மாதங்களில் இறக்காமத்தில் ஒரு வயற்காரருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள்.

பல்கலைக்கழக விடுமுறையில் அவளைப் பார்க்கப் போனேன். இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் இன்னொன்று. முந்தின கிழமை யானை வந்து வேளாண்மையை மிதித்துப் போனதைச் சொன்னாள். மாப்பிள்ளை நல்ல மனுசன் என்றாள். பிறகு திடீரென்று கேட்டாள்:

"சீனாவில பொம்புளப்புள்ளைகள்ட பாதம் வளராம காலக் கட்டி வச்சிருந்தாங்களே, நாட்டுக்குப் பெலமான உம்மாமார் வேணுமெண்டு பிறகு அவுக்கச் சொன்னாங்க. அவுத்தாப் பிறகு அந்தப் பொம்புளையள் நடந்தாங்களா?"

"சின்னப்புள்ளைகள் நடந்தாங்க," என்றேன். "பெரியாக்கள்ட எலும்பு நிமிரல்ல. அவுக்கக்குள்ளயும் நொந்திருக்கி."

"ஓம்," என்றாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். வெகுநேரம் அவள் வரவில்லை.