கெர்பிரிக் தேர்ந்தெடுத்த மாத்திரை

கெர்பிரிக்கை ஊரில் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் ஊரைப் பிடிக்காது. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்துப் பகுதியில் ஒரு பால்பண்ணையில் மாட்டையும் புருஷனையும் ஒரே குரலில் அதட்டியே அறுபத்தாறு வயதை எட்டியவள். போன இலையுதிர் காலத்தில் மாடுகளை விற்றாகிவிட்டது. மிஞ்சியது புருஷன் ஹார்மன்.

அவளுக்கு உலகத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று, உறைந்த ஏரியில் சறுக்குவது. பல வருஷம் கழித்து இந்தக் குளிர்காலம்தான் ஏரி கெட்டியாக உறைந்து, சனிக்கிழமை ஏரிச் சுற்று என்று அறிவித்திருந்தார்கள். கிராமத்துக்குக் கிராமம் அட்டையில் முத்திரை வாங்கி முழுச் சுற்றையும் முடித்தால் ஒரு பதக்கம். போன சுற்றில் மாடு கன்று போடப்போக, பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுக்காரி தன் பதக்கத்தை ஜன்னலில் தொங்கவிட்டிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கெர்பிரிக்குக்குக் கல்லெடுத்து எறியலாம் போலிருக்கும்.

அந்த வாரம் பார்த்துத்தான் அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. ஒன்றுக்குப் போனால் உயிர் போகிற எரிச்சல். சிறுநீரை ஜாம் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் டாக்டரின் உதவியாளர் ஃபெம்கே முன்னால் டொக்கென்று வைத்தாள்.

ஃபெம்கே சோதித்துவிட்டு வந்தாள். "நீர்ப்பையில தொற்றுதான். டாக்டர் நைட்ரோஃபுரன்டாயின் மாத்திரை எழுதியிருக்காரு. அஞ்சு நாள் சாப்பிடணும்."

"அஞ்சு நாளா? சனிக்கிழமை நான் ஐஸ்ல நிக்கணும். என் வீட்டுக்காரனுக்குப் போன வருஷம் குடுத்தீங்களே, சிப்ரோ, அதைக் குடு."

"ஆம்பளைங்களுக்குத் தொற்று புரோஸ்டேட் சுரப்பி வரைக்கும் போகலாம், அதனால வேற மாத்திரை. உங்களுக்குக் காய்ச்சலும் இல்ல, விலா வலியும் இல்ல. நீர்ப்பைக்கு இதுதான் சரி. ரெண்டு நாள்ல எரிச்சல் அடங்கிடும்."

"ஆம்பளைக்கு ஒசத்தி, பொம்பளைக்கு மட்டமா?"

"மட்டமில்ல. அதோட, அந்த மாத்திரை உங்க வயசுக்கு..."

"என் வயசைப் பத்திப் பேசினே, பல்லைக் கழட்டிடுவேன்!"

அவள் கதவை அறைந்து சாத்திய வேகத்தில், காத்திருந்தவர்கள் எல்லாரும் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

மருந்துக் கடைக்கே அவள் போகவில்லை. எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. குளியலறை அலமாரியில் ஹார்மனின் சிப்ரோ பாதிப் பெட்டி கிடந்தது. மீதி ஏன் இருக்கிறது என்று யோசிக்காமல், அவனுக்குத் தெரியாமல் விழுங்க ஆரம்பித்தாள். எரிச்சல் அடங்கியது. ஃபெம்கே மட்டும் அப்போது எதிரில் வந்திருந்தால் கெர்பிரிக் அவளை நாறடித்திருப்பாள். வெள்ளிக்கிழமை மாடி ஏறும்போது குதிகால் இழுத்தது. படிக்கட்டைத் திட்டிவிட்டுப் படுத்தாள்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரியை ஏரி நடுவில் முந்தினாள், வேண்டுமென்றே தோளை உரசிக்கொண்டு. கடைசிக் கிராமத்தின் தேவாலயக் கோபுரம் தெரிந்தது. காலை உந்தினாள். பின்னாலிருந்து யாரோ குதிகாலில் ஓங்கி உதைத்தார்கள்.

"எந்த நாய்டா உதைச்சது?" என்று திரும்பினாள். பின்னால் யாருமே இல்லை. அப்படியே விழுந்தாள்.

முதலுதவிக்கு வந்தது யார் என்கிறீர்கள்? ஃபெம்கேதான். கெண்டைச் சதையை அமுக்கிப் பார்த்தாள். பாதம் அசையவில்லை.

"குதிகால் தசைநார் அறுந்துடுச்சு. என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

கெர்பிரிக் பனியைப் பார்த்தாள். "வீட்ல கெடந்ததை."

தானும் அட்டையோடு சுற்றுக்குக் கிளம்பியிருந்த ஹார்மன் அதற்குள் வந்து சேர்ந்திருந்தான். "என் மாத்திரையையா? அதுலதான் எனக்குக் குதிகால் வீங்கிச்சு. டாக்டர் பாதியிலயே நிறுத்தச் சொன்னாரு."

"எங்கிட்ட ஏன்யா சொல்லித் தொலைக்கல?"

"சொன்னேன். நீதான், நடிக்காதே, போய் மாட்டைப் பாருன்னே."

ஃபெம்கே போர்வையைப் போர்த்திவிட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியாவது இருக்கலாம் என்று கெர்பிரிக்குக்குக் கோபம் பொங்கியது.

ஹார்மன் கோபுரத்தைப் பார்த்தான், சாய்கிற வெயிலைப் பார்த்தான். "வண்டி வர நேரமாகும். எனக்கு ஒரு முத்திரைதான் பாக்கி."

"யோவ்! நில்லுய்யா!"

அவன் அதற்குள் குனிந்து, கைகளை முதுகில் கட்டிக்கொண்டு சறுக்க ஆரம்பித்துவிட்டான். அவன் தலை மறைகிறவரை தன் வாயிலிருந்த வசவையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். குதிகால் வலியை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அவன் இடத்தில் தான் இருந்திருந்தால் இவ்வளவு நேரம்கூட நின்றிருக்க மாட்டோம் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.