மூடியில் வெட்டிய பெயர்

சகாயமேரியின் வீட்டுப் பாத்திரம் முழுக்க ஆண்கள் பெயர்தான். சீராக வந்ததில் அப்பா பெயர், மற்றதில் மாமனார் பெயர். 1988இல் அம்பத்தூர் எஸ்டேட்டில், மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கம்பெனியில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் ஓர் எவர்சில்வர் டிபன் டப்பா வாங்கினாள். பெயர் வெட்டுகிறவர், "ஊட்டுக்காரர் பேரு இன்னாம்மா?" என்று கேட்டார்.

"எம் பேரையே போடுங்க" என்றாள். என்ன தைரியம்! எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த டப்பாவை ஒருநாள் மாலை ரயிலிலேயே விட்டுவிட்டுத் திருமுல்லைவாயிலில் இறங்கிவிட்டாள்.

அதற்கப்புறம் என் உயிரை வாங்கினாள். தினமும் லேடீஸ் பெட்டியில் ஒவ்வொருத்தி மடியையும் எட்டிப் பார்ப்பாள். ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். "வேற வாங்கிக்கோயேன்டி" என்றேன். "எத்தனை வாங்கினாலும் அது மொத சம்பளத்து டப்பா ஆவுமா, தாட்சாயிணி?" என்று அழுதாள். ஒரு டப்பாவுக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு எரிச்சல்.

ஒரு மாதம் கழித்து, காலை வண்டியில் கொய்யாப்பழம் விற்கும் குப்பம்மா எங்கள் எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அதே டப்பா.

"டப்பா நல்லா இருக்கே, ஏதுக்கா?" என்று சகாயமேரி மெதுவாகக் கேட்டாள்.

"சாயங்கால வண்டியிலதாம்மா கெடந்துச்சு. ஆவடில எறங்கி ரெண்டு நாளு கூவிக் கூவிக் கேட்டேன், ஒருத்தியும் வரல. பேரைத் தேச்சித் தரேன்னு பாத்திரக் கடைக்காரன் சொன்னான். நான்தான் வேணான்ட்டேன். எவ ஆசையா வாங்கினாளோ! எனுக்குப் படிக்கத் தெரியாது. இன்னா பேரு எழுதிகீது, சொல்லேன்."

சகாயமேரி மூடியை வாங்கித் தன் பெயரைக் கட்டைவிரலால் தடவினாள். "இதோ இவ…" என்று நான் ஆரம்பித்ததும் என் தொடையில் கிள்ளினாள்.

"சகாயமேரின்னு போட்டிருக்கு. எனக்குத் தெரிஞ்சவங்கதான். உங்களையே வச்சிக்கச் சொல்லிட்டாங்க."

"மெய்யாலுமா? அந்த மகராசி நல்லா இருக்கட்டும்" என்று கும்பிட்டுவிட்டு, குப்பம்மா மிச்சச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

பட்டரைவாக்கத்தில் இறங்கி நடந்தோம். "ஒரு மாசம் அழுதியேடி?" என்றேன்.

"இப்ப அழுகை வரலையே" என்று சிரித்தாள்.

எனக்குத்தான் வந்தது. திரும்பி ஓடிப்போய், இவள் என் சிநேகிதி என்று அந்தப் பெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது.