கேட்டது தவணை, எழுதியது விலக்கு

வண்டிக்கார வீரமுத்து என்னிடம் கேட்டது இரண்டு வாரத் தவணை. நான் எழுதிக் கொடுத்தது வேறொன்று. அதனால் அவர் மறியலுக்கு, அதாவது சிறைக்கு, போகும் நிலைமை வந்தது. இலங்கையில் பதுளைக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, எதிரே முப்பது வருடம் பெட்டிஷன் எழுதிப் பிழைத்தவன் நான். ஜெயித்த கதைகள் நிறைய வைத்திருக்கிறேன். அவற்றை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குப் பயன்படக்கூடியது இந்த ஒன்றுதான்.

மேசை

எங்கள் மேசை, கச்சேரியிலிருந்து இறங்கும் ரோட்டில் ஒரு அரிசிக் கடையின் முன் அறையில் இருந்தது. நானும் அருளப்பன் அண்ணனும் சேர்ந்து வாடகைக்கு எடுத்தது. அவருக்கு என்னைவிட இருபது வயது கூட. தமிழ், இங்கிலீஷ், சிங்களம் மூன்றும் எழுதுவார். எனக்கு இங்கிலீஷ் மட்டும் அவரைவிட நன்றாக வரும். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

வருமான வரியெல்லாம் பிற்பாடு வந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்குச் சோறு போட்டது தலைவரி. பதினெட்டு வயது நிரம்பி ஐம்பத்தைந்து தாண்டாத ஒவ்வொரு ஆணும் வருடத்துக்கு ஆறு நாள் அரசாங்க ரோட்டில் வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். இரண்டும் செய்யாதவனுக்கு அபராதம், பிறகு சம்மன். பௌத்த பிக்குகளுக்கு விலக்கு உண்டு. வேலை செய்ய முடியாத உடம்புக்காரருக்கு உண்டு. இந்தியாவிலிருந்து வந்து தோட்டத்தில் வேலை செய்யும் கூலிகளுக்கும் உண்டு. பெயர்ப் பட்டியல் கச்சேரியில் ஒட்டப்பட்டதும் எங்கள் வாசலில் கூட்டம் சேரும்.

பத்து மணித் தேத்தண்ணீருக்கு நாங்கள் பேசுவதெல்லாம் இந்த விலக்குகளைப் பற்றித்தான். ஒரு காலை இழுத்து நடக்கிறவன் ரோட்டு வேலைக்கு ஆகாதவனா? உட்கார்ந்து கல் உடைக்கலாமே என்று ரோட்டுக் கமிட்டியில் கேட்டால் என்ன பதில் சொல்வது? இப்படி அரை மணி நேரம் போகும். வயதுத் தகராறுதான் எல்லாவற்றிலும் பெரியது. யாரிடமும் பிறந்த தேதி இல்லை. கோப்பிச் செடியில் நோய் விழுந்து தோட்டங்கள் எல்லாம் காய்ந்த காலத்தை வைத்துத்தான் நாங்கள் வயது கணிப்போம். அப்போது நீ மடியிலிருந்தாயா, மாடு மேய்த்தாயா, கல்யாணம் முடித்திருந்தாயா என்று கேட்டு ஒரு முடிவுக்கு வருவோம். வருகிறவர்களோ எல்லோரும் கிழவர்களாகவே வருவார்கள். ஒருவர் மீசையில் அடுப்புச் சாம்பலைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்.

அருளப்பன் அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மீசை நரைச்சிருச்சு. புருவத்துக்குச் சொல்லி அனுப்பலையா?" என்று கேட்டார்.

அவர் போனபின் என்னிடம் சொன்னார்: "தம்பி, வயசைக் குறைச்சுச் சொல்லிக்கிட்டு ஒரு ஆம்பளை இந்த மேசைக்கு வரட்டும். அன்னைக்கு நான் கடையை மூடிட்டு வீட்டுக்குப் போயிடுறேன்."

இதை அவர் மாதம் ஒரு முறையாவது சொல்லுவார்.

வீரமுத்துவின் பெட்டிஷன்

வீரமுத்து நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர். ஒன்பது வருடமாகப் பதுளையில் குடியிருந்து, பசறை ரோட்டில் அரிசி மூட்டை ஏற்றி மாட்டு வண்டி ஓட்டினார். அந்த வருடம் காய்ச்சலில் இரண்டு மாதம் படுத்துவிட்டதால் தலைவரி கட்டவில்லை. சம்மன் வந்துவிட்டது. அன்றைக்கு அருளப்பன் அண்ணன் பண்டாரவளைக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். மேசையில் நான் மட்டும்தான்.

"ரெண்டு வாரம் தவணை கேட்டு எழுதுங்க ஐயா. கட்டிப்புடுவேன். இது வரைக்கும் ஒரு வருசம்கூட விட்டதில்ல" என்றார் வீரமுத்து.

தவணை கேட்டு எழுதுவது நாலு வரி வேலை. எனக்கு அது சப்பென்றிருந்தது. அவருடைய பேச்சைக் கேட்டதும் எந்தத் தோட்டம், அப்பா எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று விசாரித்தேன். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். என் தலைக்குள் மணி அடித்தது. தகப்பனோடு திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து தோட்டத்தில் பேர் பதிந்தவருக்கு ஏன் தலைவரி? விலக்கே கேட்கலாமே. மனுதாரர் இன்ன தோட்டத்தின் தொழிலாளி, சட்டப்படி அவருக்கு வரி இல்லை, பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவும் என்று அழகான இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் மதிப்புக் கூடியது.

"தவணைதானே ஐயா?" என்று பெருவிரலில் மையோடு அவர் கேட்டார்.

"அதைவிட நல்லதா எழுதியிருக்கேன். கட்டவே வேண்டியதில்ல. வைங்க."

வைத்தார். நான் அதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

மூன்று வாரத்தில் பெட்டிஷன் ஜெயித்தது. கச்சேரி அந்தத் தோட்டத்துத் துரைக்கு எழுதிக் கேட்டிருந்தது. அவர் எங்கள் ஆள்தான் என்று துரையிடமிருந்து பதில் வந்திருந்தது. கிளார்க் அதை எனக்குக் காட்டினார். சம்மன் ரத்து. வீரமுத்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பழத்தை உரித்துக்கொண்டே அருளப்பன் அண்ணனிடம் முழுவதையும் பெருமையாகச் சொன்னேன். அவர் பாதிப் பழத்தோடு நிறுத்திவிட்டார்.

"தோட்டத்துப் பேரை எழுதினியா?"

"எழுதாம எப்படிண்ணே விலக்குக் கேக்குறது?"

"துண்டு வாங்கிக்கிட்டு எறங்கி வந்தவனா?"

நான் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய கேள்வி என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறுகிறவருக்குக் கங்காணியும் துரையும் எழுதிக் கொடுக்கும் விடுதலைச் சீட்டுதான் துண்டு. கடன் தீராமல் அதைக் கொடுக்க மாட்டார்கள். அது இல்லாமல், முன்கூட்டி அறிவிக்காமல் போனால் ஓடிப்போன ஆள். பிடித்து வந்து கோர்ட்டில் நிறுத்தலாம்; கடூழியச் சிறை கொடுக்கலாம்; சிறை முடிந்தபின் திரும்பவும் அதே லயம்.

"எங்கள் ஆள்தான்னு தொரை எழுதினதை நீ ஜெயம்னு படிச்சிருக்க" என்றார் அருளப்பன் அண்ணன். "அந்த ஆளு எங்க இருக்கான்னு ஒன்பது வருசமா அவங்களுக்குத் தெரியாது. இப்ப விலாசத்தோட தெரியும்."

வெற்றிலை

நாலாம் நாள் காலையில் அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி எங்கள் மேசைக்கு வந்தார். கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. என் முன்னால் ஒரு கட்டு வெற்றிலையை வைத்தார்.

"நீங்கதானே நம்ம வீரமுத்துக்கு எழுதிக் குடுத்தீங்க? ரொம்ப உபகாரங்க. அவனே கைநாட்டு வச்சு, தோட்டத்து ஆளுன்னு ஒத்துக்கிட்டான். எங்களுக்கு வேற சாட்சி தேவையில்ல."

கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். இல்லை, உண்மையாகவே நன்றி சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. முந்தின நாளே பசறை ரோட்டில் வண்டியை நிறுத்தி வீரமுத்துவைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மாடுகளை யாரோ அவிழ்த்து ஓட்டி வந்து அவர் வீட்டில் விட்டிருக்கிறார்கள்.

பத்து மணிக்கு அவர் மனைவி செல்லாயி வந்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை. வாசலிலேயே நின்று, "தவணை கேக்கத்தானே ஐயா வந்தோம்?" என்று மட்டும் கேட்டார்.

அருளப்பன் அண்ணன்தான் அவரை உட்காரவைத்து விசாரித்தார். வீரமுத்துவின் தகப்பனார் இறந்ததும் அவர் கடனைக் கங்காணி மகன் பேரில் எழுதிவிட்டாராம். கட்டக் கட்ட அது குறையவில்லையாம். துண்டு கேட்டபோது கொடுக்கவில்லையாம். ஒரு நாள் காலையில் பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, எல்லோரும் கூடியபோது இவர்கள் இரண்டு பேரும் பதுளைக்கு நடந்துவிட்டார்கள்.

"தலைவரிச் சீட்டெல்லாம் வச்சிருக்காரா?" என்று கேட்டார் அண்ணன்.

"ஒண்ணு விடாம வச்சிருக்காரு. படிக்கத் தெரியாட்டியும் மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாத்துக்குவாரு."

செல்லாயி வீட்டுக்குப் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். எட்டுச் சீட்டுகள். காய்ச்சல் வந்த வருடத்துக்கு மட்டும் இல்லை. அருளப்பன் அண்ணன் அவற்றை வருடப்படி அடுக்கினார்.

"தம்பி, நல்லாப் பாரு. தோட்டத்து ஆளுக்குத் தலைவரி கெடையாது. இந்த ஆளுகிட்ட எட்டு வருசம் வாங்கியிருக்காங்க. அப்ப எட்டு வருசமா இவரு தோட்டத்து ஆளு இல்லன்னு கச்சேரியே கையெழுத்துப் போட்டிருக்கு. நீ விலக்கு எழுதாம விட்டிருந்தா ஒன்பதாவதும் இதுல இருக்கும்."

வீரமுத்துவை விடுதலை செய்யக்கூடிய காகிதங்கள் அவர் வீட்டிலேயே இருந்தன. அவற்றைப் பொய்யாக்கும் காகிதம் மட்டும் என் கையெழுத்தில் இருந்தது. அதை முறியடிக்க வேண்டுமென்றால் எழுதியவன் கூண்டில் ஏறியாக வேண்டும். ஏறினால் என் பெயர் கெடும் என்று அண்ணன் மறைக்காமல் சொன்னார். ஏறாமலிருக்க வழி உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கூண்டு

கோர்ட்டில் நீதிபதி பெட்டிஷனை உயர்த்திக் காட்டி, "இது உன் எழுத்தா?" என்றார்.

"ஆமாம்."

"இதிலுள்ளதை இவருக்கு வாசித்துக் காட்டினாயா?"

"இல்லை."

"ஏன்?"

அவசரம் என்று சொன்னேன். அன்றைக்கு ஒரு அவசரமும் இல்லை, எனக்குப் பெருமை பிடித்திருந்தது. அதைக் கோர்ட்டில் சொல்ல வாய் வரவில்லை. அவர் கேட்டது தவணை மட்டும்தான், தோட்டத்து ஆள் என்று எழுதியது என் சொந்த யோசனை என்பதை மட்டும் சொல்லிவிட்டேன். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு எட்டுச் சீட்டுகளையும் பார்த்தார். தோட்டத்துச் செக்ரோலைக் கொண்டுவரச் சொன்னார். அன்றாடம் வேலைக்கு வந்தவர்களின் பேர் எழுதும் புத்தகம் அது. ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட வீரமுத்து பேர் அதில் இல்லை. கங்காணியின் கடன் புத்தகத்தில் மட்டும் இருந்தது. அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் துரை எங்கள் ஆள் என்று எழுதியிருக்கிறார். வேலையும் கொடுக்காமல் சம்பளமும் கொடுக்காமல் ஒருவரை ஒன்பது வருடம் எப்படி வேலையாளாக வைத்திருந்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். கங்காணி குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

வழக்குத் தள்ளுபடியானது. நான் மூன்று மாதம் கச்சேரிக்குப் பெட்டிஷன் எழுதக்கூடாது என்று உத்தரவானது. வீரமுத்துவின் அந்த வருட வரியையும் அபராதத்தையும் நான்தான் கட்டினேன். ஒன்பதாவது சீட்டை அவர் கையில் கொடுத்தபோது, "இதுல என்ன எழுதியிருக்கு, வாசிங்க" என்றார். வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

அன்று முதல் எத்தனை பேர் காத்திருந்தாலும், எழுதியதை அவரவர் பாஷையில் சொல்லிக் காட்டாமல் யாரிடமும் நான் கைநாட்டு வாங்கியதில்லை. கேட்டதை எழுதுங்கள். அதைவிட நல்லது ஒன்று உங்களுக்குத் தோன்றினால், முதலில் அவரிடம் சொல்லி, அதனால் என்னென்ன வரும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். கற்றதற்கான விலையை இன்னொரு மனிதரிடமிருந்து வாங்கப் பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றும் வெட்கம் உண்டு.

கடைசிச் சீட்டு

வீரமுத்து அதற்குப் பிறகு வருடா வருடம் பட்டியல் ஒட்டுவதற்கு முன்பே பணத்தோடு வந்து நிற்பார். வருடங்கள் போயின. அருளப்பன் அண்ணன் காலமானார். மேசையில் நான் தனியே இருந்தேன்.

ஒரு வருடம் வீரமுத்து பதறிப்போய் வந்தார். பட்டியலில் அவர் பேர் இல்லை. வயது தாண்டிவிட்டது என்று எடுத்துவிட்டார்களாம். கோப்பி காய்ந்தபோது மாடு மேய்த்தவர் அவர். கணக்கு எனக்குத் தெரியும். கச்சேரி சொன்னது சரிதான்.

"சந்தோசப்படுங்க. இனிமே கட்ட வேண்டியதில்ல" என்றேன்.

"முந்தியும் இதைத்தான் சொன்னீங்க."

அவர் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"கங்காணியோட மகன்தான் இப்ப பெரிய கங்காணி. போன வாரம் பசறைச் சந்தையில என்னைய நின்னு பாத்தான். இந்த வருசத்துக்குச் சீட்டு இல்லன்னா நான் யாருன்னு எதைக் காட்டுவேன்? எனக்கு அம்பதுதான் ஆகுதுன்னு எழுதுங்க ஐயா. கட்டிப்புடுறேன்."

பொய் எழுத எனக்கு மனமில்லை; அவரை வெறுங்கையோடு அனுப்பவும் மனமில்லை. மனுதாரருக்குத் தம் வயது நிச்சயமாகத் தெரியாது, தொடர்ந்து வரி கட்ட விரும்புகிறார், சீட்டுத் தர வேண்டுகிறார் என்று மூன்று வரி எழுதினேன். தமிழில் சொல்லிக் காட்டினேன். இரண்டாம் தரமும் சொன்னேன். மூன்றாம் தரம் அவர் கேட்காமலே சொன்னேன். அதன் பிறகுதான் மையை நீட்டினேன்.

கிளார்க் சிரித்துக்கொண்டே பணத்தை வாங்கிச் சீட்டெழுதிக் கொடுத்தார். வீரமுத்து அதை மடித்து மடியில் செருகிக்கொண்டு, வண்டிமாட்டை அவிழ்க்கப் போனார்.

வாசலில் இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் அறுபது வயதாம். நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பினேன். அருளப்பன் அண்ணனின் நாற்காலியை மேசைக்கு உள்ளே தள்ளிவைத்து, கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.