குலுக்கை நிறைந்த ஆண்டு

விளைவது நம்முடையதல்ல என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவைப்படாத அளவுக்கு அது உறுதியாக இருந்தது. மழை மேலிருந்து விழும். வெயில் கிழக்கிலிருந்து ஏறும். கம்பு களத்திலிருந்து கடைத்தெருவுக்குப் போகும். நான் கண் விழித்துப் பார்த்த உலகம் அப்படித்தான் அமைந்திருந்தது.

காரணம் ஒரு கிணறு. எங்கள் தந்தையை நாங்கள் அய்யா என்றே அழைப்போம். நான் பிறப்பதற்கு முன்பே, மேலநீலிதநல்லூர்ச் சாலையை ஒட்டியிருந்த எங்கள் மானாவாரி நிலத்தில் அவர் கிணறு வெட்டத் தொடங்கினார். அதற்கான பணம், சங்கரன்கோவில் கடைத்தெருவில் தானியக் கமிஷன் கடை வைத்திருந்த ஒருவரிடம் கடனாக வாங்கியது. பாறை வந்தது; தண்ணீர் வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு தை மாதமும் களத்தில் தூற்றி முடித்த கம்பு, சாக்கு கட்டிய சூட்டோடு அந்தக் கடைக்குப் போய் இறங்கியது. எங்களுக்கு வேண்டிய கம்பை, அம்மா கூலி வேலைக்குப் போய்ப் படி படியாக வாங்கி வந்தாள்.

வீட்டின் உள்ளறையில் குலுக்கை ஒன்று நின்றது. மண்ணும் வைக்கோலும் பிசைந்து ஆள் உயரத்துக்கு எழுப்பிய தானியக் கூடு. மேலே கொட்டுவதற்கு வாய். அடியில் எடுப்பதற்குக் கை நுழையும் அளவில் ஒரு துளை. அக்காவும் நானும் அந்தத் துளையில் வாயை வைத்துப் பேசுவோம். எங்கள் குரல் உள்ளே சுற்றி, பெரிய மனிதர் குரலாகித் திரும்பி வரும். குலுக்கை என்பது பேசுவதற்காகக் கட்டியது என்றுதான் நான் வெகுநாள் எண்ணியிருந்தேன்.

உலகச் சண்டைக் காலமெல்லாம் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, பருத்திக்கு நல்ல விலை வந்தது. அடுத்தடுத்த இரண்டு வெள்ளாமைப் பருத்தியில், யாரும் எதிர்பாராத வகையில், கடன் தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை அடைத்தால் திரும்பிக் கடன் வராது என்று அம்மா சொன்னதால், அய்யா ஓர் ஆடிச் செவ்வாயில் கடைசித் தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஏதாவது நடக்கும் என்று காத்திருந்த எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

அந்தத் தையில் கம்பு நன்றாக விளைந்தது. அம்மா குலுக்கையைக் கழுவிக் காயவைத்து, செம்மண்ணும் சாணமும் குழைத்து உள்ளும் புறமும் மெழுகினாள். அந்தக் குழம்பில் காப்புக்காகக் கோயில் புற்றுமண் ஒரு கிள்ளு சேர்த்தாள். அக்காவை வீட்டில் துணைக்கு வைத்துக்கொண்டு, என்னை அய்யாவோடு களத்துக்கு அனுப்பினாள்.

மூட்டைகளின் மேல் நான் உட்கார்ந்திருக்க, அய்யா வண்டியை ஓட்டினார். ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வேப்பமரம். வலப்பக்கம் திரும்பினால் கடைத்தெரு. இடப்பக்கம் எங்கள் தெரு. மாடுகள் வலப்பக்கம் திரும்பின. அய்யா கயிற்றை இழுக்கவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே, எல்லா ஆண்டும் போல, கமிஷன் கடை வாசலில் போய் நின்றோம்.

கடைக்காரர் எழுந்து வெளியே வந்தார்.

"என்னவே, வண்டி இங்கன வந்து நிக்கி?"

"கம்பு கொண்டாந்திருக்கேன், அண்ணாச்சி."

"எதுக்கு?"

அய்யா கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"ஒமக்கும் எனக்கும் போன ஆடியிலயே தீந்துபோச்சுல்லா. பத்திரத்த ஒம்ம கையிலதான குடுத்தேன்?"

மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் உரக்கச் சொன்னார்: "அண்ணாச்சி, இவரு கடன் தீந்துட்டு. மாட்டுக் கடன்தான் இன்னும் பாக்கியாம்லா!"

கடைத்தெருவே சிரித்தது. கடைக்காரரும் சிரித்தார். பிறகு அவர் சாக்கைக் கிள்ளி, நாலு மணியை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். "மணி தெறட்சியாத்தான் இருக்கு. வந்தது வந்துட்டீரு, இறக்கிப் போடும். இன்னைக்கு வெலைக்கு எடுத்துக்கிடுதேன். கையில ரூவாயா வாங்கிட்டுப் போவும்."

அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அறுவடைக் காலத்து விலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பணம் பங்குனிக்குள் கரைந்துவிடும் என்பதும், அதன் பிறகு இதே கடைக் கம்பை இரட்டை விலைக்கு வாங்க நேரும் என்பதும், விதைக்கும் காலத்தில் கை மறுபடி இதே வாசலில் நீளும் என்பதும் அய்யாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கம்பு விற்ற பணத்தை அவர் தம் கையால் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் முகத்தில் ஓர் ஆசை வந்து நின்றதை நான் பார்த்தேன். வண்டியை விட்டு இறங்கினார். இடப்பக்கத்து மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

"இல்ல அண்ணாச்சி," என்றார் கடைசியில். "வீட்டுல மெழுகிப் போட்டுட்டு ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கா."

வண்டியைத் திருப்புவது எளிதாக இல்லை. பாரத்தை இறக்காமல் அந்த வாசலை விட்டு நகர்வது மாடுகளுக்குப் பழக்கமில்லை. அவை அசைய மறுத்தன. எங்களைக் கேலி செய்த அந்த ஆளே வந்து நுகத்தைப் பிடித்துத் தள்ளினார். "ஏ, வீட்டுக்குப் போங்க, மக்கா. இங்கன இனி ஒங்களுக்கு வேல இல்ல," என்று மாடுகளுக்குச் சொன்னார். அய்யாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று பிற்பகல் குலுக்கையில் கம்பு கொட்டினோம். உரலைக் கவிழ்த்து அதன் மேல் அக்கா நின்றாள். அய்யா ஓலைப்பெட்டியில் அள்ளி அள்ளிக் கொடுத்தார். முதல் பெட்டி விழுந்தபோது ஓலைக்கூரையில் பெருமழை இறங்கிய ஓசை. பிறகு தூறலாயிற்று. பிறகு மணலில் மணல் விழுவது போல மெலிந்தது. இறுதியில் ஓசையே இல்லை. அக்கா கையை உள்ளே விட்டால் முழங்கையளவிலேயே தட்டுப்படும்படி கம்பு மேலேறி வந்திருந்தது. அம்மா வேப்பிலையைப் பரப்பி, மேல்வாயை மூடி மண் பூசினாள். அடித்துளையில் துணியைச் சுருட்டி அடைத்து அதன் மேலும் பூசினாள். நான் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். எத்தனையோ நாள் எங்களுக்குப் பதில் சொன்ன குலுக்கை பேசவில்லை. இத்தனை பெரிய மௌனம் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று நான் திகைத்து நின்றேன்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அம்மா அந்தத் துளையைத் திறக்கவே இல்லை. முன்பு போலவே மாலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பலசரக்குக் கடைக்குப் போனாள். படிக்கம்பு வாங்கி வந்து குத்தினாள். அய்யா உண்பது எந்தக் கம்பு என்று அய்யாவுக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை, அது தவறென்று எங்களுக்கே தோன்றவில்லை. தை மாதத்துக்குப் பிறகு கூலி வேலை குறைந்தது. அம்மா கடையில் கடன் சொல்லத் தொடங்கினாள்.

மாசி முடிவதற்குள் அந்தப் பலசரக்குக் கடைக்காரர் அய்யாவை வழிமறித்து, "பாக்கி ஏறிக்கிட்டே போகுது, அண்ணாச்சி," என்றார். அய்யா நடுப்பகலில் வீட்டுக்கு வந்தார். அவர் கோபப்படுவார் என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் குலுக்கையின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இத வச்சுக்கிட்டு வெளிய கடன் சொல்லியிருக்கியேட்டி."

"எடுத்தா தீந்துபோகும்லா," என்றாள் அம்மா.

"தீரத்தான் செய்யும். திங்கதுக்குத்தான வெளஞ்சது?"

அம்மா துளையின் மேல் பூசிய மண்ணைத் தடவினாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "யாராச்சும் வந்து கேட்டா?"

கேட்பதற்கு இனி ஒருவரும் இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அத்தனை ஆண்டுகள் யாரோ ஒருவருடைய கம்புக்குக் காவல் இருந்தவள் அவள். மாடுகளை வலப்பக்கம் திருப்பியது எதுவோ, அதுதான் அம்மாவைத் துளையைத் திறக்கவிடாமல் வைத்திருந்தது. கமிஷன் கடை வாசலில் தாம் நின்ற நிலை அய்யாவுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவர் குரல் தணிந்தது.

"இனி யாரும் வரமாட்டாவ. சொளகக் கொண்டா."

அவர் மண்பூச்சைத் தட்டி உடைத்துத் துணியை உருவினார். கம்பு ஒரு கணம் தயங்கியது. பிறகு இளம்பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில், இடைவிடாமல், அம்மா கொண்டுவந்த சுளகு முறத்தில் இறங்கத் தொடங்கியது. சுளகு நிறைந்து தரையில் வழிந்தது. அம்மா பதறிப்போய் உள்ளங்கையால் துளையைப் பொத்தினாள்.

"நிக்காம வருதே!"

"ஒன் கைதான இப்ப நிப்பாட்டியிருக்கு. பாரு."

அம்மா தன் கையைப் பார்த்தாள். மெதுவாக எடுத்தாள், கம்பு வந்தது. வைத்தாள், நின்றது. மறுபடி எடுத்தாள். மறுபடி வைத்தாள். விளையாட்டில் மூழ்கிய சிறுமியைப் போல அவள் அதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்க, நாங்கள் மூவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னாளில் நான் கடல்களைப் பற்றியும் பேரருவிகளைப் பற்றியும் நிறையப் படித்தேன். சிலவற்றை நேரிலும் கண்டேன். அம்மாவின் கைக்கு நின்றும் வந்தும் காட்டிய அந்தக் கம்பைப் போல வேறொன்று என்னை வாயடைக்கச் செய்ததில்லை.

அன்று மாலையே தெருமுனைக் கடைப் பாக்கியைக் கம்பாக அளந்து கொடுத்து முடித்தோம். ஐப்பசியில் விதைப்பதற்கென்று ஒரு பானை தனியே எடுத்துவைத்தாள் அம்மா. கடனுக்கு வாங்காத விதை எங்கள் நிலத்தில் விழுந்த முதல் ஐப்பசி அதுதான். அதன் பிறகு மழை பொய்த்த ஆண்டுகளும் வந்தன. துளை வழியே வரும் கம்பைப் பார்த்துப் பார்த்து, பொத்திப் பொத்தி, அம்மா அந்த ஆண்டுகளைக் கடத்தினாள். கமிஷன் கடையில் எங்கள் கை மறுபடி நீளவில்லை. மாடுகள் மட்டும் அடுத்த தையிலும் வேப்பமரத்தடியில் ஒருமுறை வலப்பக்கம் கழுத்தைத் திருப்பின. அய்யா சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தார்.

இன்று அய்யா இல்லை. அம்மா இல்லை. உள்ளறையில் குலுக்கை நின்ற இடத்தில் வட்டமான தடம் ஒன்று இருக்கிறது. அக்கா இருக்கிறாள், நான் இருக்கிறேன்.