ராகுகாலத்தில் திறந்த ஃபைல்

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு பம்ப் பட்டறையில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற வேலை எனக்கு. சேர்ந்த புதிதில் ஃபைல்கள் சந்தைக்கடை மாதிரி கிடந்தன. ஊர்ப் பெயரே ஃபைல் பெயர்: கோபி, கோபி புதுசு, கோபி கடைசி, கோபி கடைசிக்கும் கடைசி. எந்தக் கோபிக்காரருடையது என்று கேட்டால் வரைந்தவருக்கே தெரியாது. ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து, பம்ப் வகைக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் பாகத்துக்கு ஒரு ஃபைல் என்று பிரித்து வைத்தேன். எல்லாம் உள்ளே ஏறியாச்சே என்று முதலாளி பழைய காகித வரைபடங்களை எடைக்குப் போட்டுவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோபியிலிருந்து ஒரு வாழைத் தோட்டக்காரர் வந்தார். பம்பின் வெளிக்கூடு விரிசல் விட்டுவிட்டது. பழைய வகை, கடையில் கிடைக்காது, நாங்கள்தான் வார்த்துத் தரவேண்டும். வாழை குலை தள்ளுகிற சமயம், தண்ணீர் நின்றால் வருஷமே போச்சு என்றார். உடைந்த கூட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டே வந்திருந்தார்.

இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்று தெம்பாகத்தான் ஃபோல்டரைத் திறந்தேன். ஃபைல் பெயர் சரி, இருந்த இடமும் சரி. உள்ளே மதுக்கரைக்குப் போன மோட்டார் ஸ்டாண்டு இருந்தது! ஃப்ளாப்பியில் எடுத்துவைத்த நகலிலும் அதே ஸ்டாண்டு. சனிக்கிழமைதோறும் நானே கர்மசிரத்தையாகப் பழைய நகலின் மேல் புதியதை ஏற்றி வந்திருக்கிறேன்.

அந்த ஸ்டாண்டை வரைந்தவர் பக்கத்து இருக்கை வரைவாளர். கூட்டை ஏன் அழித்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"அழிக்கலீங்க அம்மணி. அன்னைக்கு ராகுகாலமுங்க. புதுசாத் தொடங்கக் கூடாதில்லீங்களா? அதான் பழசத் தொறந்து, அதும்மேலயே போட்டுபோட்டனுங்க."

ராகுகாலத்தில் புது வேலை தொடங்கக் கூடாது என்பது பட்டறைச் சட்டம். பழைய வேலையைத் தொடரலாம். அவர் கணக்கில், திறந்தது பழைய ஃபைல். அதனால் செய்ததும் பழைய வேலை. என் ஒரு கோடையின் உழைப்பு அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுகிற மனிதரிடம் கத்தவும் வாய் வரவில்லை. அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

விஷயம் கேட்டு முதலாளி வந்தார். வரைவாளரை முறைத்தார். உடைந்த கூட்டை அளந்து இன்றைக்கே மறுபடி வரைந்துவிடச் சொன்னார். தோட்டக்காரர் சாக்கை அவிழ்த்தார். ஒரு நொடியும் வீணாக்க மனமில்லாமல் அளவுகருவியை எடுத்துக்கொண்டு கீபோர்டை இழுத்தேன்.

முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை தாண்டி, வெள்ளிக்கிழமை ராகுகாலம் தொடங்கியிருந்தது.

"அம்மணி, புதுசாத் தொடங்காதீங்க" என்றார். "பன்னெண்டு வரைக்கும் இவுங்களையும் காக்க வைக்க முடியாது. பழசு ஏதாச்சும் ஒண்ணத் தொறந்து, அதும்மேலயே போடுங்க."

தோட்டக்காரர் நிம்மதியாகத் தலையாட்டினார். வரைவாளர் என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

"சரிங்க" என்றேன். "யாரோட பம்ப அழிக்கட்டுமுங்க?"